பாதியில் கல்லூரி மாறலாமா?

1935ஆம் ஆண்டு. நியூயார்க் நகரத்தில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இசிடோர் ராபி என்ற இயற்பியல் பேராசிரியர் ஒரு நண்பருடன் வாதம் செய்துகொண்டிருந்தார். நண்பரின் பெயர் லாயிட் மாட்ஸ். வாதத்துக்குக் காரணம் ஒரு கட்டுரை. ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் அந்த ஆண்டு மே மாதம் வெளியிட்டது; குவாண்டம் இயக்கவியல் முழுமையான கொள்கைதானா என்று கேட்டது. வாதம் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு நகர மறுத்தது. அப்போது, மாட்ஸுடன் வந்திருந்த ஒரு பையன் வாய் திறந்தான். இன்ன கணிதத் தேற்றத்தைப் பயன்படுத்தினால் சிக்கல் தீர்ந்துவிடுமே என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னான். தீர்ந்தும் விட்டது!

பையனுக்கு வயது 17. பெயர் ஜூலியன் ஷ்விங்கர். அதே ஊரில் நகரக் கல்லூரியில் பட்டப்படிப்பு மாணவன்.

ராபி அவனை விசாரித்தார். அந்தக் கல்லூரி அவனுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. ‘இங்கே வந்துவிடுகிறாயா?’ என்று கேட்டார். அவனுக்கும் சம்மதம். சரி, மதிப்பெண் பட்டியலைக் கொடு என்று வாங்கிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பையன் ஏறக்குறைய எல்லாப் பாடங்களிலும் தோல்வியின் விளிம்பில் இருந்தான்! காரணம் எளியது. அவன் வகுப்புக்கே போவதில்லை. நூலகத்தில் உட்கார்ந்து டிராக் எழுதிய குவாண்டம் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருப்பான்.

ராபி பட்டியலைச் சேர்க்கை அலுவலரிடம் எடுத்துப் போனார், உதவித்தொகையும் கேட்டார். இந்த மதிப்பெண்ணுக்கு உதவித்தொகையா, சேர்த்துக்கொள்வதே முடியாது என்று பதில் வந்தது. இவன் ஒரு கால்பந்தாட்டக்காரனாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று ராபி கேட்டாராம். அதுவும் எடுபடவில்லை.

பையன் என்ன ஆனான் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் உங்களோடு கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் என்னிடம் இரண்டு மூன்று மாணவர்களாவது வந்து நிற்பார்கள். ‘சார், இரண்டாம் வருஷம் வேறு காலேஜுக்கு மாறிக்கொள்ளலாமா?’ அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருக்கும்; அல்லது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டோடு இருக்க வேண்டியிருக்கும்; அல்லது விடுதிச் செலவு தாங்கவில்லை. பள்ளியில் படிக்கும் உங்களுக்கு இந்தக் கேள்வி இப்போது எழுந்திருக்காது. ஏனென்றால் பள்ளி மாறுவது சுலபம். மதுரையில் ஒன்பதாம் வகுப்புப் படித்தவர் சேலத்தில் பத்தாம் வகுப்பில் உட்காரலாம். மாற்றுச் சான்றிதழ் ஒன்று போதும். புத்தகம் அதே புத்தகம். மதுரையில் ஓம் விதி எந்தப் பக்கத்தில் இருந்ததோ சேலத்திலும் அதே பக்கம்தான்.

கல்லூரியில் அப்படி இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்த ஒரு கல்லூரிக்கே தனிப் பாடத்திட்டம். ஒரே ஊரில், ஒரே தெருவில் இரண்டு கல்லூரிகள் இருக்கும். இரண்டிலும் பி.எஸ்ஸி. இயற்பியல் இருக்கும். ஒன்றில் முதல் பருவத்தில் இயக்கவியல், மூன்றாம் பருவத்தில் வெப்ப இயற்பியல், மற்றொன்றில் நேர்மாறு. முதலாண்டு முடிவில் இங்கிருந்து அங்கே போகும் மாணவன் ஒரு பாடத்தை இரண்டு முறை படிப்பான். இன்னொன்றைப் படிக்காமலே பட்டம் வாங்குவான்! இதைத் தடுப்பதற்காகத்தான் இத்தனை விதிகளும் சான்றிதழ்களும்.

இதே சிக்கலை வேறு நாடுகளில் எப்படிச் சமாளித்தார்கள்?

பழைய ஜெர்மனியின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே மாணவர்கள் பருவத்துக்குப் பருவம் பல்கலைக்கழகம் மாறுவது வழக்கமாகவே இருந்தது. மேக்ஸ் பிளாங்க் மியூனிக்கில் படிக்கத் தொடங்கி, 1877இல் பெர்லினுக்குப் போய் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கிர்ஹாஃப் ஆகியோரிடம் ஓராண்டு பாடம் கேட்டுவிட்டு, மியூனிக்குக்கே திரும்பி 1879இல் டாக்டர் பட்டம் பெற்றார். மேக்ஸ் போர்ன் பிரெஸ்லாவில் தொடங்கி, ஹைடல்பர்க், ஜூரிக் என்று சுற்றிவிட்டு கோட்டிங்கனில் போய் நின்றார். ஹைசன்பர்க்கின் கதையும் இதுதான். அவருடைய பேராசிரியர் சோமர்ஃபெல்ட் 1922இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது, அந்தக் குளிர்காலப் பருவத்தை அவர் கோட்டிங்கனில் போர்னிடம் கழித்தார்.

எந்த ஆசிரியரிடம் எதைக் கேட்க வேண்டுமோ, அங்கே போய் அதைக் கேட்பது! நம் பழைய இசைவாணர்கள் குருவைத் தேடி ஊர் ஊராகப் போனதைப் போல. இது எப்படிச் சாத்தியமாயிற்று? ஆண்டுக்கு ஆண்டு தேர்வு கிடையாது என்பதால்தான். படிப்பின் முடிவில் ஒரே பெரிய தேர்வு. அதில் உனக்குத் தெரிகிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி. எங்கே படித்தாய் என்பதல்ல. அதில் ஆபத்தும் உண்டு. 1923இல் டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் ஹைசன்பர்க்கிடம், நுண்ணோக்கியின் பிரிதிறன் பற்றியும், மின்கலம் எப்படி வேலை செய்கிறது என்பது பற்றியும் கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மயிரிழையில் தப்பினார். நான்கு ஆண்டுகளில் குவாண்டம் இயக்கவியலின் நிச்சயமின்மைக் கொள்கையைத் தந்தவருக்கு மின்கலம் தெரியவில்லை என்று என் மாணவர்களிடம் சொன்னால் அவர்களுக்கு ஏக மகிழ்ச்சி. (ஆய்வகத்துக்கு வராமல் இருக்க அதை ஒரு காரணமாகச் சொல்லிவிடாதீர்கள்!)

அமெரிக்கர்களின் வழி வேறு. அவர்கள் படிப்பை எண்ணத் தொடங்கினார்கள். ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவர்கள் தாங்கள் விரும்பும் பாடங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்ற முறையை வளர்த்தார். ஆளுக்கு ஒரு பாடம் என்று ஆனபிறகு, யார் எவ்வளவு படித்தார் என்பதை எப்படிச் சொல்வது? ஓர் அலகு வேண்டும் அல்லவா? நீளத்துக்கு மீட்டர், நிறைக்குக் கிலோகிராம், படிப்புக்கு என்ன?

அந்த அலகு பரவியது பாடத்தினால் அல்ல, பென்ஷனால்! 1905இல் ஆண்ட்ரூ கார்னகி என்ற எஃகுச் சீமான், கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தை நிர்வகித்த கார்னகி அறக்கட்டளை ஒரு நிபந்தனை விதித்தது. தன்னிடம் சேரும் மாணவர் உயர்நிலைப் பள்ளியில் 14 அலகு படித்திருக்க வேண்டும் என்று எந்தக் கல்லூரி கேட்கிறதோ, அந்தக் கல்லூரியின் ஆசிரியர்களுக்கே ஓய்வூதியம். ஓர் அலகு என்பது ஒரு பாடத்தை ஓராண்டில் சுமார் 120 மணி நேரம் படிப்பது. ஓய்வூதியம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அலகு நாடெங்கும் பரவியது. மணிக்கணக்கில் படிப்பை அளக்கும் அதே வழக்கம் கல்லூரிக்குள்ளும் வேரூன்றியது. அதைத்தான் இன்று நாம் ‘கிரெடிட்’ என்கிறோம்.

இந்த முறை வந்ததால்தான் கல்லூரி மாறுவது அங்கே பெரிய அளவில் நடைபெறுகிறது. கலிபோர்னியா மாநிலத்தில் 1960இல் ஒரு திட்டம் வகுத்தார்கள். அதன்படி, பல்கலைக்கழகத்தில் நேரடியாக இடம் கிடைக்காதவர்களும் கட்டணம் குறைந்த இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்து படித்து, மூன்றாம் ஆண்டில் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். 60 பருவ அலகுகள் முடித்திருக்க வேண்டும். நான்குக்குக் குறைந்தது 2.4 சராசரி எடுத்திருக்க வேண்டும். அது வாசற்படி மட்டுமே. இயற்பியல் துறைக்குப் போக வேண்டுமானால் நுண்கணிதமும், நுண்கணிதத்தைப் பயன்படுத்தும் இயற்பியலும் முன்பே முடித்திருக்க வேண்டும். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்ற பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். முதல் நாளிலேயே மாணவன் அதைப் பார்த்துத் திட்டமிடலாம். இந்தப் பட்டியலைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அலகைவிடப் பட்டியல் முக்கியம். ஏன் என்று பின்னால் பாருங்கள்.

ஷ்விங்கருக்கு வருவோம். கிரெடிட் கணக்கில் அவன் தேறமாட்டான் என்பது தெளிவாகிவிட்டது. ராபி வேறு அளவுகோலைத் தேடினார். அந்தச் சமயத்தில் ஹான்ஸ் பெத்தே அங்கே வந்திருந்தார். ஷ்விங்கர் குவாண்டம் மின்னியக்கவியலில் எழுதி வைத்திருந்த குறிப்புகளை ராபி அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்துவிட்டு பெத்தே மிகவும் பாராட்டி ஒரு கடிதம் கொடுத்தார். கதவு திறந்தது. பையன் கொலம்பியாவுக்கு மாறினான். பிறகு 21 வயதில் அங்கேயே டாக்டர் பட்டமும் பெற்றான். 1965இல் ஃபைன்மன், டொமனகா ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அந்த ஷ்விங்கர்தான். எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனுக்கு அவர் கணக்கிட்டுச் சொன்ன சிறு திருத்தம் அவருடைய கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பார்த்தீர்களா, விதியை மீறி நுழைந்தவர் எவ்வளவு பெரியவரானார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த அறையில் ஒரு ராபி இருந்தார்; வழியில் ஒரு பெத்தே வந்தார். அவர்கள் இல்லையென்றால்?

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்த கதைதான். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் ஒரு மாணவர் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை, உதவித்தொகை பறிபோயிற்று. 1906இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. உடலியல் பாடம் அவரை வீழ்த்தியது. கல்லூரி மாறியும் பயனில்லை. அவர் சீனிவாச இராமானுஜன் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1913இல்தான், கேம்பிரிட்ஜில் ஹார்டியின் பதில் கிடைத்த பிறகு, சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. இடையில் ஏழு ஆண்டுகள். வேலை தேடியும், எழுத்தர் வேலை பார்த்தும் கழிந்த ஆண்டுகள். 1920இல் 32 வயதில் இறந்துபோனவருக்கு ஏழு ஆண்டு எவ்வளவு பெரிய பங்கு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். இன்று ஒரு மாணவர் பி.எஸ்ஸி. படிக்கும்போது இடையில் மாற விரும்பினால் என்னென்ன பார்க்கிறார்கள்?

முதலாவது, போகும் கல்லூரியில் அதே பிரிவில் காலியிடம் இருக்கிறதா என்பது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்க முடியாது. எத்தனை மதிப்பெண் வைத்திருந்தாலும் இடமில்லை என்றால் இல்லைதான். அடுத்து, இரண்டு கல்லூரி முதல்வர்களின் சம்மதம். விட்டுப் போகும் கல்லூரி தடையில்லாச் சான்றிதழ் தர வேண்டும். பிறகு பல்கலைக்கழகத்தின் அனுமதி. பல்கலைக்கழகமே மாறுவதானால் இடப்பெயர்வுச் சான்றிதழும், படித்த பாடங்கள் சமமானவை என்ற இணைநிலை ஒப்புதலும் வேண்டும். பெரும்பாலும் ஓர் ஆண்டு முடிந்து அடுத்த ஆண்டு தொடங்கும்போதுதான் மாற விடுவார்கள். கடைசி ஆண்டில் மாறுவது மிக அரிது. விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், கேட்க வேண்டிய இடம் அந்தந்தக் கல்லூரி அலுவலகம்தான். பக்கத்து வீட்டு அண்ணன் அல்ல.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்கிறார்களே, அதுவும் இந்த வகைதான். முன்பு படித்த படிப்பு ஓராண்டுக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2021இல் பல்கலைக்கழக மானியக் குழு, கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்க வங்கி போன்ற ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. பணத்துக்குப் பதில் கிரெடிட். வாரம் ஒரு மணி நேர வகுப்பு என்று 15 வாரம் படித்தால் ஒரு கிரெடிட். ஆய்வகம் என்றால் வாரம் இரண்டு மணி. ஒரு கல்லூரியில் சேர்த்ததை இன்னொரு கல்லூரியில் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட் பெற்றிருக்க வேண்டும். ஐரோப்பாவில் இதேபோன்ற ஏற்பாடு 1989இலேயே தொடங்கிவிட்டது. அங்கே ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இயற்பியல் ஆசிரியனுக்கு அலகு என்றாலே ஒரு சந்தேகம் வரும். வேலைக்கு அலகு நியூட்டன் மீட்டர். திருப்பு விசைக்கும் அலகு நியூட்டன் மீட்டர். அதனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? கிரெடிட் அளப்பது நேரத்தை. அந்த நேரத்தில் தலைக்குள் என்ன போயிற்று என்பது அதற்குத் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேர வந்தாள். தந்தைக்கு மாற்றல். நல்ல மதிப்பெண், எங்களிடம் ஓர் இடமும் காலியாக இருந்தது. அவள் படித்த பாடங்கள் எங்கள் பாடங்களுக்குச் சமமா என்று பார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு என்னுடையது. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் படித்தது துணைக் கணிதம் முதல் தாள், இரண்டாம் தாள். எங்களிடமும் துணைக் கணிதம் முதல் தாள், இரண்டாம் தாள். கிரெடிட் இங்கும் அதே, அங்கும் அதே. ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மூன்றாம் பருவம் தொல்லையில்லாமல் போயிற்று. நான்காம் பருவத்தில் மின்காந்தவியல் வகுப்பு. நான்தான் எடுத்தேன். காஸ் விதியை வகைநுண்கணித வடிவில் கரும்பலகையில் எழுதினேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். அவளும் எடுத்தாள். இரண்டு வாரம் கழித்துத் தயங்கித் தயங்கி ஆசிரியர் அறைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டாள்.

‘சார், அந்தத் தலைகீழ் முக்கோணம் என்ன சார்?’

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. அது ‘டெல்’ என்ற குறி. வெக்டர் நுண்கணிதத்தின் அரிச்சுவடி. ஒரு புலம் ஒரு புள்ளியிலிருந்து எவ்வளவு வெளியே பரவுகிறது, எவ்வளவு சுழல்கிறது என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் எழுதுவோம். எங்கள் பாடத்திட்டத்தில் அது முதலாண்டுத் துணைக் கணிதத்தில் இருந்தது. அவளுடைய பழைய பல்கலைக்கழகத்திலோ நான்காம் பருவத்துக் கணித இயற்பியல் தாளில் இருந்தது. முதலாண்டில் அவர்கள் படித்தது அணிகளும் வகைக்கெழுச் சமன்பாடுகளும். அங்கே அவள் அதைப் படிப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். இங்கே நாங்கள் நடத்தி முடித்த பிறகு வந்து சேர்ந்தாள். இரண்டு தண்டவாளங்களும் சரிதான்; இணையும் இடத்தில் ஓரடி விட்டுப்போயிருந்தது. அந்த ஓரடியைப் பார்க்க வேண்டியவன் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அதைவிட என்னை வருத்தியது அந்த இரண்டு வாரம். வகுப்பில் நாற்பது பேரும் தலையாட்டும்போது, தனக்கு மட்டும்தான் புரியவில்லை, தனக்கு மூளை போதாது என்று அவள் நினைத்திருக்கிறாள். வகுப்பில் கேட்க வெட்கம்.

சனிக்கிழமை மதியங்களில் ஆறு வாரம் உட்கார்ந்தோம். வாளித் தண்ணீரில் சுண்ணாம்புத் தூளைத் தூவிச் சுழற்றிக் காட்டினேன். குழாயடியில் நீர் பரவுவதைக் காட்டினேன். ஐந்தாம் வாரத்தில் காஸ் விதியை அவளே எனக்கு விளக்கினாள். பருவத் தேர்விலும் தேறிவிட்டாள்.

ஆகவே நீங்கள் என்றைக்காவது கல்லூரி மாற நேர்ந்தால், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றோடு இன்னொன்றையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கல்லூரியின் முழுப் பாடத்திட்ட நகல். தலைப்புகள் மட்டும் உள்ள பட்டியல் அல்ல, அலகு அலகாக என்னென்ன என்று எழுதிய நகல். புதிய கல்லூரியின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலால் நீங்களே கோடிட்டுப் பாருங்கள். எது இரண்டிலும் இல்லையோ அதைக் கோடையிலேயே யாரிடமாவது கேட்டுப் படித்துவிடுங்கள். ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். அவரும் அவசரத்தில் இருப்பார்.

இப்போது எங்கள் துறையில் மாறி வரும் மாணவர்களின் பாடங்களை ஒப்பிடும் வேலையை மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து செய்கிறோம். வரி வரியாகப் படிக்கிறோம். முன்பு ஐந்து நிமிடத்தில் முடிந்த வேலைக்கு இப்போது ஒரு மதியம் முழுவதும் ஆகிறது. இரண்டு முறை டீ வரவழைக்க வேண்டியிருக்கிறது.